ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனவர்கள்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் மட்டும் பாதியிலேயே குழம்பி நின்றுவிடுவேன். யாராவது கேட்டால் அது பெரிய கதை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் அப்படி ஒன்றும் பெரிய கதை இல்லை. என் தம்பி கடலுக்குப் போகிறவன். அவன் சொன்னது பொய் என்று ஊர் உலகம் பேசியது. பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலையில் அப்போது நான் இருந்தேன். இந்த இரண்டுக்கும் நடுவில் சுற்ற ஆரம்பித்த என் தலை இன்னும் நிற்கவில்லை.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்குள் வருகிற, வெளியே போகிற கண்டெய்னர்களுக்கான காகிதங்களை ஒன்றோடு ஒன்று வைத்துச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு காகிதத்தில் முந்திரி என்றும் இன்னொன்றில் முந்திரிக்கொட்டை என்றும் இருந்தால் என் கண் தானாக அங்கே போய் நிற்கும். இந்தக் கண்ணை நம்பித்தான் கல்லூரித் தோழி ஒருத்தி என்னைச் சென்னையில் இருக்கும் ஒரு சிறிய குழுவில் சேர்த்துவிட்டாள். கட்சிகள் ஆள் வைத்து, திட்டம் போட்டு இணையத்தில் பரப்புகிற பொய்களைப் பிடித்து வெளியிடுகிற இளைஞர்கள் அவர்கள். எங்கள் பக்கத்துப் பதிவு ஏதாவது வந்தால் எனக்கு அனுப்புவார்கள். இது நடந்ததா, இப்படி ஓர் இடம் உண்டா என்று பார்த்துச் சொல்வேன். சம்பளம் கிடையாது. ஊரில் நடக்கிற புளுகையெல்லாம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாத பிறவி நான், அதற்கு ஒரு வடிகால் கிடைத்ததே என்று இருந்தது.

என் பிறந்த ஊர் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே தலைகாட்ட முடியாது. எங்கள் படகுகள் ஆற்றுக்குள் நிற்கும். கடலுக்குப் போக முகத்துவாரத்தைத் தாண்ட வேண்டும். அந்த வாயில் மணல் சேர்ந்து மேடு தட்டிக்கொண்டே வருகிறது. மற்ற நாளில் படகைத் தள்ளிக்கொண்டாவது போய்விடுவார்கள். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் அலை சரியாக அந்த மேட்டின் மேல்தான் உடையும். முந்தின வருடம் அங்கே ஒரு படகு கவிழ்ந்து, என் தம்பியின் கூட்டாளிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அந்த மனிதர் இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

வாயைத் தூர்வார வேண்டும், மணல் மறுபடி சேராமல் இருக்கக் கடலுக்குள் வளைவாகக் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்ட வேண்டும் என்று ஊர் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான், வாடைக்கு முன்னால் ஓர் அதிகாரி கூப்பிட்டுப் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். பேசுவதற்கு ஊர் அனுப்ப இருந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். அவன் நினைப்பெல்லாம் அதிலேயே இருந்தது. வாடைக்குள் மணல் எடுக்க இயந்திரம் வருமா வராதா என்பதைத் தவிர அவன் என்னிடம் வேறெதுவும் பேசுவதில்லை.

தேர்தலுக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது, ஆனால் போனுக்குள் அது எப்போதோ தொடங்கிவிட்டது. ஒரு நாள் சென்னையிலிருந்து கொத்தாகப் பதிவுகளை அனுப்பி, உங்கள் ஊர்தானே, பாருங்கள் என்றார்கள். மீனவன் மகன் என்றும் கடலோரத்துப் பெண் என்றும் சொல்லிக்கொண்ட ஆட்கள் எழுதியவை. முகத்துவாரம் சீராகிவிட்டதாம். படகுகள் பயமில்லாமல் போய் வருகின்றனவாம். ஒரு தலைவருக்குக் கோடி நன்றியாம். கூடவே நீலக் கடல், சிரிக்கிற மீனவர், தூக்கிப் பிடித்த சீலா மீன். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. போன வாரம்தான் அதே மேட்டில் தம்பி படகை விட்டு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

ஆனால் கோபம் ஆதாரம் ஆகாது. மணல் இருக்கிறது என்று நான் சொன்னால், எடுத்தாகிவிட்டது என்று அவர்கள் சொல்வார்கள். பழக்கத்தில் காகிதங்களைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக மறுபடியும் படித்தேன். இன்று அதிகாலை கடலுக்குச் சென்று நிறைந்த வலையோடு திரும்பினோம் என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். பதிவு போட்ட கிழமையைப் பார்த்தேன், ஞாயிறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோவில் பூசை, கறிக்குழம்பு, தூக்கம், இவ்வளவுதான் அன்றைக்கு. மீறிப் போனால் ஊர்க்கமிட்டி அபராதம் போடும், அபராதத்தைவிட வீட்டுப் பெண்களின் பேச்சைத் தாங்க முடியாது. எங்கேயோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதின ஆளுக்கு இது எப்படித் தெரியும்?

சென்னைக்கு இதைச் சொன்னதும் அவர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதே கணக்குகள் கொஞ்ச நாளைக்கு முன்னால் வேறொரு மாவட்டத்தில் விவசாயி மகனாகவும் வயலோரத்துப் பெண்ணாகவும் இருந்து கால்வாய்க்கு நன்றி சொல்லியிருந்தது தெரியவந்தது. அறிக்கை வெளியானது. தொலைக்காட்சியில்கூடக் கொஞ்ச நேரம் பேசினார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றேன்.

சில வாரம் கழித்து, ஊரில் மாதா திருவிழாக் கொடி ஏறியிருந்த சமயம், அதே குழுவின் அடுத்த அறிக்கை வந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே போனில் படித்தேன். முதல் அறிக்கையில் ஆளுகிறவர்கள் பக்கத்துப் பொய்யைக் காட்டினோம், இப்போது எதிர்ப்பக்கத்துப் பொய்யைக் காட்டுகிறோம் என்று ஆரம்பித்திருந்தது. கீழே கட்டம் கட்டமாகக் கணக்குகளின் படங்கள். எல்லாக் கட்டத்திலும் மாதா. எல்லாக் கட்டத்துக்கும் கீழே ஒரே பெயர், என் தம்பியின் பெயர்.

டப்பாவை ஒதுக்கிவைத்தேன். நான்கு காரணம் சொல்லியிருந்தார்கள். ஒரே பெயரில் ஏராளமான கணக்குகள். எல்லாவற்றுக்கும் ஒரே முகப்புப் படம். எழுத்து மாறாமல் ஒரே வாசகம்: முகத்துவாரம் தூர்வாரப்படவில்லை, எங்கள் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று தொடங்கி நாலைந்து வரி. இவை எல்லாம் பல நாள் மாலையில், சொல்லிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் வெளியாகின்றன. ஆகவே இது ஓர் இடத்திலிருந்து இயக்கப்படும் வலைப்பின்னல் என்று முடித்திருந்தார்கள். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் நானும் தலையை ஆட்டியிருப்பேன். அவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தார்கள்.

அத்தனையும் உண்மை, அதுதான் கொடுமை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்காவது பங்குப் புனிதரின் பெயர்தான் வைப்பார்கள். அதன் பின்னால் வருகிற குடும்பப் பெயரும் போர்ச்சுகல்காரர்கள் விட்டுவிட்டுப் போன நாலைந்தில் ஒன்றாகத்தான் இருக்கும். கோவில் முற்றத்தில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொடி ஏறிய நாளிலிருந்து எல்லோர் போனிலும் மாதா படம்தான். கடலுக்குள் சிக்னல் கிடையாது. படகுகள் சாயங்கால மீன் ஏலத்துக்குச் சேர்ந்து வருகிறபோது கரையிலிருக்கும் டவர் எட்டினதும், காலையிலிருந்து அனுப்ப அழுத்தி வைத்த பதிவெல்லாம் ஒன்றாகக் கிளம்பும். வாசகம் ஒன்றாக இருந்ததற்குக் காரணம் ஊர்க்கூட்டம். பூசை முடிந்து கமிட்டித் தலைவர் அதை வாசித்து, எல்லோரும் இதையே போட வேண்டும், ஆளாளுக்கு மாற்றி எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார். மனு கொடுத்தாலும் சரி, மறியல் செய்தாலும் சரி, எங்கள் ஊர் அப்படித்தான். செபம் சொல்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னால்தான் எங்களுக்கு அது சொன்ன மாதிரி இருக்கும்.

சென்னைக்குப் போன் போட்டுக் கத்தினேன். அந்தக் குழுவை நடத்துகிற பெண் என்னைவிடப் பதினைந்து வயதாவது சிறியவள், பொறுமைசாலி. நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். கணக்குகளைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது என்று இந்தத் தடவை எனக்கு அனுப்பவில்லையாம். அவளையும் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்தால் இவர்கள் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள், அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் வைத்துத்தான் பார்க்கிறோம் என்றாள். அந்த அளவுகோல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். முதல் அறிக்கைக்கு வைத்ததே அதுதானே என்றாள்.

"அக்கா, இவங்க எல்லாரும் நிஜமான ஆளுங்கன்னு காட்டுங்க. அன்னைக்கே மாத்திடறோம்" என்றாள்.

இது ஒரு வேலையா, எல்லோரும் என் கண்முன்னே வளர்ந்தவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறே ஊருக்குப் போனேன். பூசை முடிந்து ஆண்கள் கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் நிற்கிற நேரம். போனில் அந்தக் கணக்குகளைத் திறந்து வைத்துக்கொண்டு, இது யார், இது யார் என்று கேட்க ஆரம்பித்தேன். அங்கேதான் என் புத்திசாலித்தனம் முட்டுச்சந்தில் போய் நின்றது.

எங்கள் ஊரில் ஞானஸ்நானப் பெயரால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால் எப்படிக் கூப்பிடுவது? ஒருவருக்கு மீன் பெயர். ஒருவருக்கு அவருடைய தாத்தா எப்போதோ வாங்கி ஒரே வாரத்தில் விற்ற ரேடியோவின் பெயர். இன்னொருவருக்கு வாயைத் திறந்து சொல்ல முடியாத பெயர், ஆனால் அவர் மனைவியே அப்படித்தான் கூப்பிடுகிறாள். கணக்கில் இருக்கிற பெயரைப் படித்து இது எந்த ஆள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மகன் பெயரே தகப்பனுக்கு இரண்டாம் தடவை யோசித்துத்தான் வந்தது. படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் படத்தில் இருப்பது மாதா. "இது மாதால்லா" என்று பயபக்தியோடு சொல்லிவிட்டுப் போனை நெற்றியில் வைத்துத் தந்தார் ஒருவர்.

வெயில் ஏறும் வரைக்கும் இழுத்தது. நான் திட்டினேன், அவர்கள் சிரித்தார்கள். ஒருவழியாக ஒவ்வொருவராகத் தங்கள் போனை எடுத்துக் காட்டி, இது என்னுது, இது என் மச்சானுது என்று பெரும்பாலான கணக்குகளுக்கு ஆள் சேர்த்துவிட்டேன். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கடைசியில் சில கணக்குகள் மிஞ்சின. அதே பெயர், அதே மாதா, அதே வாசகம். ஆனால் யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. ஒருவரைக் கேட்டால் அது கீழத்தெருக்காரனாக இருக்கும் என்றார். கீழத்தெருக்காரரைக் கேட்டால் மாலத்தீவுக்கு வேலைக்குப் போனவனாக இருக்கும் என்றார். அவன் வீட்டில் கேட்டால் அவனுக்குப் போனே கிடையாது என்றார்கள்.

அந்த மிச்சக் கணக்குகளை ஒரு ஓரமாக உட்கார்ந்து கீழே கீழே தள்ளிப் படித்தேன். ஊர் வாசகத்தைத் தவிர வேறு பதிவுகளும் இருந்தன. முகத்துவாரத்தில் ஆரம்பித்து நைசாக இன்னொரு தலைவருக்கு ஓட்டுக் கேட்பதில் முடிகிற பதிவுகள். நல்ல எழுத்து. எங்கள் ஆட்களைவிடப் பிழை குறைவு. ஒன்றில், ஞாயிறு பூசை முடிந்து வலை உலர்த்திக்கொண்டே இதை எழுதுகிறேன் என்று இருந்தது. அந்த வரியை மறுபடியும் படித்தேன். எங்கள் ஊர் ஞாயிறு கடலுக்குப் போகாது என்பதை முதல் அறிக்கையில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தானே. ஒரு பொய்யன் மாட்டிக்கொண்டதை அடுத்த பொய்யன் படித்துத் திருத்திக்கொண்டான். இனி எதை வைத்துப் பிடிப்பது? எங்கள் ஊரைப் பற்றி நான் எதை எடுத்துச் சொன்னாலும் அது அவர்களுக்கும் பாடமாகிவிடும். சொல்லாமல் இருந்தால் எங்கள் ஆட்களும் அவர்களோடு சேர்ந்து பொய்யாகிவிடுவார்கள்.

இதில் இன்னொரு முள் இருந்தது. ஊர் வாசகத்தின் கடைசி வரி, எங்கள் கரை எங்கள் தீர்ப்பு என்று முடியும். அதே வரி அந்த எதிர்க்கட்சியின் சுவரொட்டியில் நகரமெங்கும் ஒட்டியிருந்ததைத் தினமும் பஸ்சில் போகும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகத்தை யார் எழுதியது என்று கமிட்டித் தலைவரிடம் கேட்டேன். உன் தம்பிதான் என்றார். என் தம்பியா? மளிகைக் கடைக்காரருக்கு அரிசி வேண்டும் என்று மூன்று வார்த்தை எழுதுவதற்குள் நாலு பிழை விடுகிறவன். அவன் எழுதின வரிதான் இதுவா?

வீட்டில் அவன் வெறும் தரையில் படுத்துக் கிடந்தான். எழுப்பி உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவன் எழுதவில்லை, பேசிப் போட்டிருக்கிறான். படகை மேட்டில் தள்ளிவிட்டு வந்த ஆத்திரத்தில் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறான். மறுநாளே யாரோ அதை அழகாக எழுத்தாக்கி அதே குழுவில் போட்டிருக்கிறார்கள். யார் என்று அவனுக்குத் தெரியாது. மாதா படம் போட்ட எண், ஊர்க்காரன்தான் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

"நான் பேசுனதத்தான்க்கா எழுதியிருந்தாவ. எனக்கு அம்புட்டு எழுத வருமா? படிச்சிப் பாத்தேன், நான் சொன்னது அம்புட்டும் இருந்திச்சி. கொஞ்சம் கூடவும் இருந்திச்சி" என்றான்.

"கூட இருந்தது யாரு சொன்னது?"

"அதுவும் நெசந்தானக்கா."

அடிக்கலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவன் சொன்னது அவன் பேச்சு. எழுதினது யாரோ ஒரு கட்சி ஆள். வாசித்தது கமிட்டி. போட்டது ஊர். மணல் மேடு மட்டும் எல்லோருக்கும் பொதுவாக அங்கேயே கிடக்கிறது. இதில் எந்த இடத்தில் கோடு போட்டு, இதுவரைக்கும் உண்மை, இதற்கு மேல் பிரச்சாரம் என்று சொல்வேன்? கண்டெய்னர் காகிதம் என்றால் ஒன்று சரி, ஒன்று தப்பு. தப்பு என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். இதை யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

கண்டதை மறைக்காமல் சென்னைக்குச் சொன்னேன். பெரும்பாலும் நிஜ ஆட்கள், சில கணக்குகளுக்கு ஆள் இல்லை, பேச்சு தம்பியுடையது, எழுத்தில் வேறு கை பட்டிருக்கிறது. அந்தப் பெண் குறித்துக்கொண்டே கேட்டாள். பிறகு தயங்கி, அப்படியானால் இது ஒருங்கிணைக்கப்பட்டதுதானே அக்கா என்றாள். ஆமாம், ஒருங்கிணைத்ததுதான், எங்கள் ஊரில் சாவு வீட்டு அழுகைகூட ஒருங்கிணைத்ததுதான் என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தார்கள்: மேற்கண்ட கணக்குகளில் சில உண்மையான நபர்களுடையதாக இருக்கலாம். சில! இருக்கலாம்! அந்த வரியை என்னைத் தவிர யாராவது படித்தார்களா என்பதே சந்தேகம். மேலே இருந்த மாதா கட்டங்களைத்தான் எல்லோரும் வெட்டி எடுத்துப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அதிகாரியைப் பார்க்கப் போன நாளில் தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். திரும்பி வரும் வழியில் என் ஆபீசுக்கு வந்து வெளியே நின்றான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். அதிகாரி மரியாதையாகத்தான் உட்காரவைத்துப் பேசினாராம். போனைத் திருப்பி அந்தக் கட்டங்களைக் காட்டி, உங்கள் ஊர்ப் புகார்கள் எல்லாம் போலிக் கணக்குகள் என்று வந்திருக்கிறதே, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் என்றாராம். இது என் பெயர்தான், இது நான்தான் என்று தம்பி சொல்லியிருக்கிறான். இத்தனை கட்டத்தில் எது நீங்கள் என்று அவர் கேட்டாராம். தம்பி நெடுநேரம் பார்த்தானாம். எல்லாவற்றிலும் மாதாதானே இருக்கிறாள், அவனாலும் சொல்ல முடியவில்லையாம். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வாடைக்குள் இயந்திரம் வராது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"மூஞ்சியக் காட்டினாத்தான் நம்புவாவன்னா காட்டுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடியே செய்தான். இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ போட்டான். மாதா இல்லை, வாசகம் இல்லை. முகத்துவாரத்து மேட்டில் படகு சாய்ந்து நிற்கிறது. அவன் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறான், தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. பாருங்க, இம்புட்டுத்தான் தண்ணி, இதுல படகு எப்படிப் போவும் என்று கையை விரித்துக் காட்டுகிறான். பின்னால் அலை உடைகிற சத்தம். குரல் கொஞ்சம் நடுங்குகிறது. அவன் பயந்து நான் பார்த்ததே இல்லை. பார்த்துவிட்டு ஆபீசிலேயே அழுதேன். இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

வீடியோ பரவியது. சாயங்காலம் கீழே வந்த கருத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் அனுதாபம், அப்புறம் கட்சிச் சண்டை. பிறகு ஒருவர் எழுதியிருந்தார், இது ஏஐ வீடியோ, கையை நிறுத்திப் பாருங்கள் என்று. அவன் கையை விரிக்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் மோதிர விரல் பாதியில் நின்றுபோயிருந்தது. கம்ப்யூட்டருக்கு விரல் போடத் தெரியாது, மாட்டிக்கொண்டார்கள் என்று கீழே சிரிப்பு. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல். விஷயம் தெரிந்தவர்கள் மாதிரி ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். யாரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. பொய்யைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த விரல் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இதே மேட்டில், இதே மாதிரி சாய்ந்து நின்ற படகை நங்கூரக் கயிறு போட்டு இழுக்கும்போது, அலை படகைத் தூக்கி அடித்ததில் கயிற்றுக்கும் கட்டைக்கும் நடுவில் போனது. ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். அந்த மணல் அங்கே இருக்கிறது என்பதற்கு அந்தக் கையைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அந்தக் கையைக் காட்டித்தான் அவனை இல்லாத ஆளாக ஆக்கிவிட்டார்கள். நானும் கருத்து எழுதப் போனேன். இவன் என் தம்பி, விரல் போனது இந்த மேட்டில்தான் என்று எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: அக்காவும் வந்துட்டாங்க, எந்தக் கட்சி அக்கா?

தம்பி அன்று போன் செய்தான். கருத்துகளை யாரோ அவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முதலில் சிரித்தான். கம்ப்யூட்டர் செஞ்ச ஆளுக்குப் படகு மண்ணெண்ணெய் மானியம் உண்டாக்கா என்று கேட்டான். போனில் அவன் வீட்டு டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ இதக் கண்டுபுடிக்கிற ஆளுதானக்கா" என்றான் கடைசியில். "நான் நெசந்தான்னு நீ ஒரு ரிப்போர்ட் போடேன்."

போடுதேன் என்று சொன்னேன். என்ன எழுதுவேன், யார் படிப்பார்கள், படித்தால் யார் நம்புவார்கள் என்று ஒன்றும் தெரியாமல்தான் சொன்னேன். மறுநாள் காலையில் காற்று வடக்கிலிருந்து அடித்தது, வாடை தொடங்கிவிட்டது. அவன் அந்த மேட்டைத் தாண்டித்தான் கடலுக்குப் போனான்.